மாறிப்போன பாஸ்வேர்ட்

மெயில் போகவில்லை என்றதும் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மதியத்தில் அதே கம்ப்யூட்டரில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் மருமகளைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நீதான் செட்டிங்ஸை நோண்டியிருப்ப. தெரியாததுல ஏன் கை வைக்கிற?"

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பழுது பார்க்க வந்தவர் நெட் இணைப்பைச் சோதித்தார், அதில் கோளாறில்லை. "போன்ல பாஸ்வேர்ட் மாத்தினீங்களா சார்? இதுல இன்னும் பழசேதான் இருக்கு."

மாற்றியது மாமனாரேதான். புதியதை அடித்ததும் தேங்கிக் கிடந்த மெயிலெல்லாம் மளமளவென்று போயின.

அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். "தப்பு என்னுதுதாம்மா. அவசரப்பட்டு வார்த்தைய விட்டுட்டேன். வந்து கம்ப்யூட்டர்ல உக்காரு."

"பரவாயில்ல மாமா, நான் போன்லயே பாத்துக்கறேன்" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

அப்புறம் அவள் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. மறுபடி கூப்பிட அவருக்கும் நா எழவில்லை.