சறுக்குக் கட்டைக்குக் கீழே தேசிக்காய்

நோர்வேயிலிருந்து லண்டனுக்கு வீடு மாறியவர்களில் பனி ஸ்கூட்டரையும் ஏற்றிக்கொண்டு வந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருக்கும். இங்கும் பனி கொட்டும் என்று யாரோ சொன்னார்கள். கொட்டத்தான் செய்தது. காலையில் விழுந்து மத்தியானத்துக்குள் சேறாகிப்போனது. ஸ்கூட்டர் எங்கள் மனோர் பார்க் வீட்டின் பின்வளவில், பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு நின்றது. முன்னால் சில்லுக்குப் பதிலாக இருக்கிற சறுக்குக் கட்டை இரண்டும் லொறியில் வரும்போதே வெடித்துவிட்டன.

வண்டி என் மனைவி மேரிசாந்தியுடையது. அங்கே ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் மலைப்பக்கம் ஓட்டுவாள். நான் பின்னால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீதிச் செபத்தைச் சொல்லி முடிப்பேன். மகள் மரினாவின் ஆங்கிலப் படிப்புக்காகத்தான் லண்டனுக்கு வந்தோம். அவளும் படித்து முடித்து, வேலையென்று மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். இப்போது, சாந்தி முன்பு வேலை செய்த நோர்வே முதியோர் இல்லத்தில் அவளைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்கிறார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை. இங்கே தமிழ்ப் பூசை இருக்கிறது. குரல் இல்லாவிட்டாலும் பாடகர் குழுவில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. நடக்கிற தூரத்தில் விளைமீன் கிடைக்கிறது. இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அந்தத் தைரியம் இல்லாமல் வண்டியின் மேல் பழியைப் போட்டேன்.

"ஸ்கூட்டர் ஓடினாப் போவம். ஓடாட்டி இஞ்சையே இருப்பம்."

"சரி," என்றாள் சாந்தி. அன்றைக்கே புதுக் கட்டைகளை ஓடர் செய்துவிட்டாள்.

நான் ஒரு நட்டை இறுக்காமல் விட்டிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஸ்பானரைக் கையில் எடுத்தால் எனக்குப் புத்தி கெட்டுவிடும். எதற்கும் ஆள் கூப்பிடாத வீடு இது. அதனால்தான் எங்கள் வாஷிங் மெஷின் இன்னும் குசினி வாசல் வரைக்கும் நடந்து வருகிறது. பழைய கட்டைகளைக் கழற்றினேன். புதியவற்றின் அடியில் இரும்புச் சட்டங்களைப் பூட்டினேன். கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் வைக்கிற ரப்பர் துண்டுகளை முன்பின்னாக மாற்றி வைத்ததில் இரண்டு கட்டைகளின் மூக்கும் நிலத்தைக் குத்திக்கொண்டு நின்றன.

"ரப்பரைத் திருப்பி வையுங்கோ," என்றாள் சாந்தி யன்னலுக்குள்ளிருந்து.

"தெரியும், தெரியும்," என்று சொல்லி, அவள் உள்ளே போனபிறகு திருப்பி வைத்தேன். மூக்குகள் நிமிர்ந்தன. போகவே கூடாது என்று நினைத்திருந்த மனிதன், போகிற வண்டியைப் பார்த்துப் பூரித்து நின்றேன்.

பக்கத்து வீட்டு ஞானேஸ்வரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அண்ணை, புதுச் சாமான் பூட்டியிருக்கிறியள். தேசிக்காய் வைக்காமல் எடுக்காதேங்கோ." புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசிக்கிற வழக்கத்தைத்தான் சொன்னார்.

"நாங்கள் வேதக்காரரல்லோ?"

"தேசிக்காய்க்கு அது தெரியாது."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு காவலுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று மடுமாதா கோயில் தீர்த்தத்தைத் தெளித்து, அவர் தந்த இரண்டு தேசிக்காய்களைக் கட்டைக்கு ஒன்றாக அடியில் வைத்தேன்.

சாந்தி வெளியே வந்து குனிந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, சில்லெண்டா நசிக்கும். இது பலகை. உருளும்."

"நீர் பேசாமல் நில்லும்," என்று ஏறி உட்கார்ந்தேன்.

இயந்திரம் ஒரே இழுவையில் உறுமியது. வளவின் நடுவில் இருக்கிற சாமான் கொட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது என் திட்டம். கைபிடியை இடப்பக்கம் முறித்து வேகம் கொடுத்தேன். தேசிக்காய்கள் நசியவில்லை. கட்டைகள் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு நேரே போயின. நானும் போனேன். செங்கல் மதில்தான் நிறுத்தியது. வலப்பக்கக் கட்டை நடுவால் பிளந்துவிட்டது.

ஞானேஸ்வரன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் வென்றுவிட்டேன். வண்டி ஓடாது. தமிழ்ப் பூசையும் விளைமீனும் எனக்கே. சாந்தி என் கைகால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரிப்பை எடுத்து வந்து, ஸ்கூட்டரை மெதுவாக மூடினாள்.

"பரவாயில்லை. இஞ்சையே இருப்பம்," என்றாள். "உங்களுக்கும் அதுதானே விருப்பம்."

அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ரப்பரைத் திருப்பச் சொல்லியிருக்கிறாள். நான் வெட்கத்தால் செத்துப்போனேன். அந்த மூடிய வண்டிக்குப் பக்கத்தில் அவள் நின்ற நிலையை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சாந்தி, வண்டி ஓடாட்டிலும் போவம். நீர் அவையளுக்கு ஓமெண்டு சொல்லும்."

 அவள் குனிந்து, புல்லுக்குள் கிடந்த தேசிக்காய்களைப் பொறுக்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. இரண்டையும் என் கையில் வைத்தாள்.

"இதுகளை ஞானேஸ்வரன் அண்ணையிட்டைக் குடுத்திட்டு வாங்கோ. நோர்வேயிலை நான்தான் ஓட்டுவன்."