குதிரை இல்லாத வரலாறு

ஹார்ட்விக் மோட்டார்ஸ் தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில் நார்பர்ட் பீலாக்கை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட. சோதனைக் களத்திலிருந்து எஞ்சினியர்கள் எழுதி அனுப்பும் ஒவ்வோர் அறிக்கையும் அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். நாளைக்கு ஏதாவது வழக்கு வந்து, எவனாவது ஒரு வக்கீல் அந்தத் தாளை நீதிமன்றத்தில் உரக்கப் படித்தால் கம்பெனியின் மானம் கப்பலேறிவிடக் கூடாது. அதற்கு முன்பே வெட்ட வேண்டியதை வெட்டத்தான் நார்பர்ட்.

அவரே ஒரு சொற்பட்டியல் தயாரித்து எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பியிருந்தார். 'உடைந்தது' என்று எழுதக் கூடாது, 'பிரிந்தது' என்று எழுத வேண்டும். 'தீப்பிடித்தது' கிடையாது, 'வெப்ப நிகழ்வு'. வண்டி நடுத்தெருவில் நின்றுபோனால் 'எஞ்சின் ஓய்வுக்கு வந்தது'. ஆள் செத்துப்போனால் 'வாடிக்கையாளர் வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை'. எல்லாவற்றுக்கும் மேலாக, 'குறை' என்ற சொல் எந்தத் தாளிலும் தலைகாட்டக் கூடாது. அந்த இடத்தில் 'தன்மை' என்று போட வேண்டும். குறை என்று ஒரே ஒரு தாளில் இருந்தால் போதும், அரசாங்கம் அத்தனை வண்டிகளையும் திரும்ப அழைத்துப் பழுதுபார்க்கச் சொல்லிவிடும். தன்மைக்காக யாரும் எதையும் திரும்ப அழைப்பதில்லை.

இந்த நாற்காலி அவருக்குக் கிடைத்ததே ஒரு குதிரையின் புண்ணியத்தில்தான். 1913 நவம்பர் பனிப்புயலில் கிழவர் ஆகஸ்டஸ் ஹார்ட்விக் பிரசவ வலியில் துடித்த ஒருத்தியைத் தன் முதல் வண்டியில் ஏற்றிக்கொண்டு பதினோரு மைல் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார் என்பது மிச்சிகனில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த கதை. 'ஹார்ட்விக் நடுவழியில் விடாது' என்ற விளம்பரமே அதிலிருந்துதான் பிறந்தது. கம்பெனியின் நாற்பதாம் ஆண்டு வரலாற்று நூலை எழுதும் வேலை இருபத்தாறு வயது நார்பர்ட்டிடம் வந்தபோது, பழைய பெட்டி ஒன்றில் அந்தப் பெண்ணின் கணவன் எழுதிய கடிதம் அகப்பட்டது. வண்டி நாலாவது மைலிலேயே நின்றுவிட்டதாம். மீதி ஏழு மைலும் ஒரு பால்காரனுடைய குதிரைதான் அதை இழுத்துக்கொண்டு போனதாம். குழந்தை வழியிலேயே பிறந்து, குளிரில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையாம்.

நார்பர்ட் பொய் எழுதவில்லை. 'கடும் பனியில் தாயை ஹார்ட்விக் வண்டியிலேயே நலமாக மருத்துவமனை சேர்த்தார்' என்று எழுதினார். குதிரையை வெட்டினார், குழந்தையை வெட்டினார், கடிதத்தைக் கொதிகலன் அறையில் போட்டார். எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூடப் பொய் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. மேலிடத்தில் அசந்துபோய்விட்டார்கள்.

அப்படிப்பட்டவர் மேசைக்கு 1979 டிசம்பரில் யோலாண்டா ஸ்பைட் என்ற பெண் எஞ்சினியர் ஓர் அறிக்கையை நேரில் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நின்றுகொண்டே பேசினாள்.

"முப்பத்தொரு பெலாரா வண்டி, பீலாக் சார். எல்லாத்துலயும் ஒரே கதை. குளிர்ல கிளப்பி அஞ்சு நிமிஷத்துக்குள்ள இடது பக்கம் திருப்பினா எஞ்சின் பொட்டுனு நின்னுடுது. நின்னதும் ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுது, பிரேக்கும் சரியா பிடிக்க மாட்டேங்குது. கொஞ்சம் சூடாயிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அதான் டீலர் கடையில எவனாலயும் கண்டுபிடிக்க முடியல."

"நல்லா எழுதியிருக்கம்மா. என்ன, கொஞ்சம் நீளமா எழுதியிருக்க."

"பதினாலு பக்கந்தான் சார். 'குறை'ங்கிற வார்த்தையை மட்டும் விட்டு வையுங்க. மத்ததை என்ன வேணா பண்ணிக்கோங்க."

அடுத்த மேசையிலிருந்த ஆசாமி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். "கத்தரிகிட்ட வந்து முடியை வெட்டாதேன்னு சொல்றா பாரு!"

நார்பர்ட் அன்று சாயங்காலமே முடித்துவிட்டார். பதினாலு பக்கம் இரண்டு வரியானது. 'குறைந்த வெப்பநிலையில் சில திருப்பங்களின்போது எஞ்சின் ஓய்வுக்கு வரும் தன்மை உண்டு. ஓட்டுநர் உரிய கவனத்துடன் கையாண்டால் கட்டுப்பாடு பாதிக்கப்படாது.'

யோலாண்டா அதை இரண்டு தடவை படித்தாள். "ரெண்டாவது வரியை நான் எழுதலயே?"

"நான் எழுதினேன். வண்டியைப் பத்தி ஒண்ணு சொன்னா ஓட்டுறவங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அப்பதான் பேப்பர் நிக்கும்."

"உங்க வீட்ல யாராவது பெலாரா ஓட்டுறாங்களா சார்?"

"என் பொண்ணு ஓட்டுறா. ஊழியர் சலுகையில நானே வாங்கிக் குடுத்தேன். நீ எதுல வர்ற?"

"பஸ்ல."

அவளும் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி? தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள். அவளிடமிருந்த மூலப் பிரதி மூன்றையும் நார்பர்ட் வாங்கி, நாடா நாடாவாகக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டு, வேறு பிரதி தன்னிடம் இல்லை என்று அவளிடம் இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வேலையில் அவ்வளவு சுத்தம். அடுத்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டு அண்ணன் இருக்கும் ஒஹாயோவுக்குப் போய்விட்டாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனை முடிந்து மகள் ஜோனெல் சாப்பிட வந்திருந்தாள். இருபத்து நாலு வயது, பல் ஆஸ்பத்திரியில் வேலை, அப்பா சொன்னால் வேதவாக்கு. நார்பர்ட்டின் மனைவி டோலோரஸ் சாசேஜும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் எடுத்து வைத்தாள்.

"அப்பா, வியாழக்கிழமை வண்டி திருப்பத்துல நின்னு போச்சுப்பா. உசிரே போயிடுச்சு எனக்கு."

"நிக்கலம்மா. ஓய்வுக்கு வந்திருக்கும்."

"என்னவோ. டீலர்கிட்ட கொண்டு போனேன். அந்தாளு ஒரு தாளை எடுத்து வச்சுக்கிட்டுப் படிக்கிறான். அது வண்டியோட தன்மையாம். உரிய கவனத்தோட கையாண்டா ஒண்ணும் ஆகாதாம்."

தன் வரி ஊரெல்லாம் போய்ச் சுற்றித் தன் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டதில் நார்பர்ட்டுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. இதை எழுதும்போதே எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. அவர் முட்டைக்கோஸை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கான். நீ கொஞ்சம் பாத்து ஓட்டு" என்றார்.

அப்படியென்றால் அவருக்கு உண்மை தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்தாறு வருஷமாகச் சொற்களை மாற்றி மாற்றி, சொல் மாறினால் பொருளும் மாறிவிடும் என்று நம்பும் நிலைக்கு அவர் வந்திருந்தார். அந்த மாடியில் இருந்த எல்லோருமே அப்படித்தான். குறை என்று எந்தத் தாளிலும் இல்லை, ஆகவே குறை இல்லை.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை எட்டேகாலுக்கு ஜோனெல் வீட்டிலிருந்து கிளம்பி, நாலாவது நிமிஷத்தில் பள்ளிக்கூடத் தெருமுனையில் இடது பக்கம் திருப்பினாள். எஞ்சின் நின்றது. ஸ்டீயரிங் திரும்ப மறுத்தது. பிரேக் மேல் ஏறியே நின்றாள், வண்டி பனியில் வழுக்கிக்கொண்டு போய், பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் ஆக்னஸ் டிபெட் என்ற அம்மாளை விளக்குக் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியது. அந்த அம்மாள் கையிலிருந்த 'நில்' பலகையோடு அங்கேயே செத்துப்போனாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ்காரர்கள் வண்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்து மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான கொட்டகை. வண்டி பூ மாதிரி ஓடியது. கவனக்குறைவால் உயிரிழப்பு என்று ஜோனெல்மேல் வழக்குப் போட்டார்கள். தண்டித்தால் இரண்டு வருஷம்வரை சிறை.

ஜாமீனில் வந்த அன்று அவள் அப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பா, ஹார்ட்விக் வண்டியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. நீங்க சொன்னா நான் நம்புறேன். வண்டியில ஏதாவது இருக்கா? இல்ல, நான்தான் அந்த அம்மாவைக் கொன்னுட்டேனா?"

டோலோரஸ் அடுப்படி வாசலில் நின்றாள். நார்பர்ட்டின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் வேலை போகும், நாலாவது மாடி சிரிக்கும், முப்பத்தொரு வண்டியும் பதினாலு பக்கமும் அவர் தலைமேல் வந்து விழும். முதல் குற்றம்தானே, நீதிபதி எச்சரித்து விட்டுவிடுவார் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா" என்றார். "பதட்டத்துல கை தவறியிருக்கும். யாருக்கும் நடக்கிறதுதான்."

ஜோனெல் தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் அழவே இல்லை.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் கம்பெனியின் வக்கீல் ஹேஸ்லெட் நார்பர்ட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினான்.

"உன் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம், கத்தரி. அரசாங்க வக்கீல் வண்டியைப் பத்தி எங்ககிட்ட பேப்பர் கேட்டான். குடுத்துட்டோம்."

"எந்தப் பேப்பர்?"

"உன்னோடதுதான். 'ஓட்டுநர் உரிய கவனத்துடன் கையாண்டால் கட்டுப்பாடு பாதிக்கப்படாது.' அவன் அதைப் படிச்சிட்டு துள்ளிக் குதிக்கிறான். இதுக்கு மேல சாட்சியே வேணாமாம்." ஹேஸ்லெட் அவர் தோளைத் தட்டினான். "கோவிச்சுக்காதே. தொழில்னு பாத்தா, அதுல ஒரு ஓட்டை கிடையாது. பெருமைப்படணும் நீ."

"ஹேஸ்லெட், அதை வாபஸ் வாங்கு. நான் வேற எழுதித் தர்றேன்."

"என்னன்னு எழுதுவ? பொண்ணு மாட்டிக்கிட்டதும் அப்பனுக்கு ஞானம் வந்துச்சுன்னா? சிரிப்பானுங்கய்யா. வீட்டுக்குப் போ, ரெண்டு நாள் லீவு எடு."

நார்பர்ட் லீவு எடுக்கவில்லை. பணியாளர் கோப்பில் யோலாண்டாவின் அண்ணன் பெயரைத் தேடி, ஒஹாயோவில் அவன் வீட்டு எண்ணைக் கண்டுபிடித்து அவளைக் கூப்பிட்டார்.

"பேப்பரா?" என்றாள் அவள். "மூணையும் என் கையிலேர்ந்து வாங்கி என் கண்ணு முன்னாலயே போட்டீங்களே சார், மறந்துட்டீங்களா? வேற இல்லைன்னு கையெழுத்தும் வாங்கினீங்க."

"நீ வந்து வாயால சொன்னாப் போதும்மா. முப்பத்தொரு வண்டின்னு."

"சொல்லலாம். 'தன்மை'ன்னு கையெழுத்துப் போட்டவ இன்னைக்கு வந்து 'குறை'ங்கிறாளேன்னு கேப்பாங்க. அப்ப பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்றியான்னு. நான் என்ன சொல்லணும்? நீங்கதான் நல்ல வார்த்தையா பாத்து எழுதுவீங்களே, எழுதிக் குடுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பொண்ணுக்காக எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. செத்துப்போன அந்த அம்மாவுக்காகவும். உங்களுக்காக இல்ல." போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நார்பர்ட்டுக்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது. தானே கூண்டில் ஏறி, வெட்டியது நான்தான் என்று சொல்வது. நம்புவார்களோ மாட்டார்களோ, சொல்லிவிடுவது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தாளில் அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதினார். எந்தக் கார்பரேட்டர், எந்த மாதத் தயாரிப்பு, எத்தனை வண்டி, எல்லாம் நினைவிலிருந்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த திங்கட்கிழமை காலை நீதிமன்றத்துக்குப் போனார். அன்று விசாரணைத் தேதி குறிப்பார்கள் என்று டோலோரஸ் சொல்லியிருந்தாள்.

அவர் படியேறி மேலே போனபோது ஜோனெல் அறையைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். கூடவே அவள் வக்கீலும் டோலோரஸும். வக்கீல் கடுகடுவென்றிருந்தான்.

"சொல்லச் சொல்லக் கேக்காம ஒத்துக்கிட்டா சார் உங்க பொண்ணு. குற்றவாளிதான்னு நீதிபதிகிட்டயே சொல்லிட்டா. மூணு வாரத்துல தண்டனை."

நார்பர்ட் தாளை நீட்டினார். "ஜோனெல், வாபஸ் வாங்கு. வண்டியில குறை இருக்கு. எனக்குத் தெரியும். டிசம்பர்லயே தெரியும். நான்தான் வெட்டினேன். குறை இருக்கும்மா, குறை!"

கூடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோனெல் தாளை வாங்கிப் படித்தாள். முழுசாகப் படித்தாள். பிறகு அதை மடித்து அவர் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்து, பையின் மூடியைத் தட்டிச் சரிசெய்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா."

"பொய் இல்லம்மா! அன்னைக்குச் சொன்னதுதான் பொய்!"

"நான் அன்னைக்கு உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க பொய் சொல்லல. என்னைக்கும் சொன்னதில்ல." அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சீக்காளியை உட்காரவைப்பதுபோல பெஞ்சில் உட்காரவைத்தாள். "உங்க பேரைக் கெடுத்துக்கிட்டு என்னைக் காப்பாத்த வேணாம்பா. தப்பு பண்ணது நான்."

"டோலோரஸ், நீயாவது சொல்லேன்!"

டோலோரஸ் அவரைப் பார்க்கவில்லை. "போதும் நார்பர்ட், ஊரே பாக்குது" என்றாள்.

ஆக்னஸ் டிபெட்டின் மகள்கள் இரண்டு பேரும் அப்போதுதான் வெளியே வந்தார்கள். ஜோனெல் நேராக அவர்களிடம் போனாள். நார்பர்ட் எழுந்திருக்கப் பார்த்தார், டோலோரஸ் அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வண்டியில ஒண்ணுமில்லைங்க" என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. "எங்கப்பா பெத்த பாசத்துல ஏதோ சொல்றாரு, கேக்காதீங்க. நான் பாத்து ஓட்டல. உங்க அம்மாவை நான்தான் கொன்னேன்."

மூத்தவள் அவள் முகத்தில் காறித் துப்பினாள்.

"எனக்கு இது வேணும்" என்றாள் ஜோனெல்.