எட்டு மெகா ரேம்

கம்ப்யூட்டரை முழுசாகவும் வாங்கலாம், உதிரி உதிரியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம் என்று என் மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. உதிரியாக வாங்கினால் விலை குறையும், விளையாட்டுக்கு வேண்டியதை மட்டும் உயர்த்தி மற்றதைத் தாழ்த்திக்கொள்ளலாம் என்றாள். விருந்துச் சமையலில் இறைச்சியைக் கூட்டிக் காய்கறியைக் குறைக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. சவுந்தரம் என்று என் அம்மாவின் பெயரை வைத்ததற்காக இன்னும் என்னைத் திட்டுகிறாள். பரீட்சை முடிந்த கையோடு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். நான் கயிறு கட்டும் வேலை பார்க்கிற அதே ஃபெர்ரியில் தினமும் கடல் தாண்டிப் போய் வந்து, சாயங்கால வேளையில் ஒரு மைலோ கூட வாங்கிக் குடிக்காமல் காசு சேர்த்தாள். எல்லாம் கார் பந்தயம் விளையாடத்தான். திரையில் கார் நொண்டாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்டவர்களிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். சண்டை என்றால் எனக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

அவள் சேமிப்போடு நான் ஆயிரம் வெள்ளி போடுவதாகப் பேச்சு. அந்த ஆயிரத்தில் எண்ணூறை வக்கீல் வாங்கிக்கொண்டார்.

வக்கீல் என் மனைவி அன்னமேரிக்காக. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். கம்ப்யூட்டருக்குள்ளே போடும் ரேமைச் சோதித்து, நல்லதைத் தட்டில் அடுக்கி அனுப்புகிற வேலை. விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு, அதில் கறுப்பாகச் சில்லுகள். அதற்கு அப்படி ஒரு விலை. போன வருடம் தட்டுகளில் சாமான் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவள் கைப்பையைக் கொட்டினார்கள், சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் குறைந்த தட்டெல்லாம் அவள் கை பட்டவை என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

திருடி என்றார்கள். என் அன்னமேரியை. பசாரில் கீரைக்காரன் பத்து காசு கூடக் கொடுத்துவிட்டான் என்று திரும்பி நடந்து போய்க் கொடுத்தவளை.

அன்றைக்கு ஏறிய கோபம் எனக்கு இறங்கவே இல்லை. தொழிற்சாலை வாசலில் போய்க் கத்தினேன். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே அவள் கதையைச் சொன்னேன். ஈஸ்டர் சாப்பாட்டில் என் அண்ணன் ஆரோக்கியநாதன், "நெருப்பில்லாம பொகையுமா?" என்று வாய்க்குள் முனகினான். சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து வந்தேன். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன். அதற்குப் பிறகு அவனோடு பேச்சு இல்லை.

அன்னமேரி மட்டும் வழக்கு வேண்டாம் என்றாள். விட்டுவிடுங்கள், தையல் தைத்துச் சம்பாதிக்கிறேன் என்று பல தடவை சொன்னாள். அவள் குணம் அப்படி, அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவள் மாதாமாதம் கூட்டுச் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில்தான் வக்கீல் ஆபீசுக்கு அலைந்தேன். போகும்போதெல்லாம், இப்படிப்பட்ட மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெஞ்சு நிறைந்திருக்கும்.

வழக்கு தொழில் கோர்ட்டில் திங்கட்கிழமைக்கு வந்தது. முந்தின சனிக்கிழமை சாமான் வாங்க மூன்று பேரும் கொம்தார் கடைத்தொகுதிக்குப் போனோம்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஹனீபாவின் கடை ஒரு கதவு அகலம்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். சவுந்தரம் நின்றபடியே கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பென்டியம் என்ற புதுச் சில்லுப் பக்கமே போகவில்லை. அந்த விலையில் நானூற்று எண்பத்தாறு என்ற பழசில் வேகமானதை வாங்கிவிட்டு, மிச்சத்தைப் படம் காட்டும் கார்டில் போடலாம் என்பது அவள் கணக்கு. ஹனீபா அதுதான் சரி என்றார். திரை பழசு போதும். பெட்டி எது மலிவோ அது. ஹார்ட் டிஸ்க்கும் யாரோ புதுசுக்கு மாற்றிவிட்டுப் போன பழசு. சத்தம் கேட்கும் கார்டை எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டுத் திரும்ப வைத்தாள். ஊமைக் காராக ஓடட்டும் என்றாள்.

கடைசியில் ரேம். எட்டு மெகா இல்லாமல் அந்தப் பந்தயம் ஓடாதாம். எட்டு மெகா அறுநூற்றைம்பது வெள்ளி. எங்களிடம் மிஞ்சியிருந்தது தொண்ணூறு.

நாலு மெகா போதாதா என்று கேட்டேன். வாங்கலாம்தான், ஆனால் அதற்கும் காசு பத்தாது, வாங்கினாலும் கார் நொண்டும் என்றார் ஹனீபா. எட்டு மெகா துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். எடுத்துப் போங்கள், முடிந்தபோது கொடுங்கள் என்றார்.

அன்னமேரி அதைக் கையில் எடுத்தாள். அதன் தங்க நிறப் பற்களில் விரல் படாமல், இரண்டு ஓரத்தையும் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா? கடைக்குக் கேட்கப் பேசினேன். இந்தக் கை எத்தனை ஆயிரம் ரேமைச் சோதித்து அனுப்பிய கை, இந்தக் கையைத்தான் திருட்டுக் கை என்றார்கள், திங்கட்கிழமை கோர்ட்டில் பாருங்கள், பாக்கிச் சம்பளம் எல்லாம் வரும், அதில் வாங்குவோம் என் மகளுக்கு ரேம்.

"கடனுக்கு ஒன்னும் வேணாம் தம்பி," என்றேன் ஹனீபாவிடம். "எங்க வீட்டுக்குள்ள எது வந்தாலும் நேர் வழியிலதான் வரணும்லா."

அன்னமேரி அதைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, போதும், கிளம்புங்க என்று எனக்கு முன்னால் நடந்தாள். கடைக்காரர் முன்னால் கூச்சம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசை மேல் சவுந்தரம் எல்லாவற்றையும் பூட்டினாள். ஒவ்வொரு திருகாணிக்கும் என்னைக் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும், ரேம் இல்லாமல் எழுந்திருக்காது என்று தெரிந்தே சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாக நின்றது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று விட்டு விட்டு ஒரு கத்தல். பசியில் அழும் பிள்ளையைப் போல நிறுத்தாமல் கத்தியது. அவள் சிரித்தாள். பரவாயில்லை அப்பா, இன்னும் நாலைந்து மாதச் சம்பளம்தானே, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவள் கோபித்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். சிரித்ததுதான் சுட்டது.

அந்தச் சூட்டோடு அன்னமேரியிடம் திரும்பினேன். நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் வா என்று உட்கார வைத்தேன். பைபிளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கோர்ட்டில் உண்மையைச் சொல்கிறேன் என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் வக்கீல் சொல்லியிருந்தார். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், பைபிளில் கை வைத்துச் சொன்னால்தான் அந்தப் பயல்களுக்கு உறைக்கும் என்று அடம்பிடித்துச் சம்மதம் வாங்கி வந்திருந்தேன்.

"நீங்கள் எடுத்தீர்களா?" என்று வக்கீல் குரலில் கேட்டேன். "'இல்ல, ஐயா'ன்னு நீ சொல்லணும். கைய வச்சுச் சொல்லு."

அவள் கை மடியிலேயே இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து தையல் மெஷினிடம் போனாள். இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ரவிக்கைத் துணி சுற்றிய எதையோ எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். துணியைப் பிரித்த சவுந்தரம் கூவியே விட்டாள். எட்டு மெகா ரேம்.

பெற்ற தாயின் அன்பைப் பார்த்தாயா என்று என் கண் கலங்கியது. சவுந்தரம் அதைப் பாய்ந்து எடுத்து, பெட்டிக்குள் சாய்த்து வைத்து நிமிர்த்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். கத்தல் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் கிடுகிடுவென்று ஏறின. எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்று, பக்கத்தில் ஓகே என்று காட்டியது. சவுந்தரம் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

எந்த நகையை அடகு வைத்தாய் என்று கேட்டேன். அவள் கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி இருந்தது.

"வாங்குனது இல்ல," என்றாள் அன்னமேரி. "எடுத்தது."

சவுந்தரத்தின் கை அம்மாவின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

அன்னமேரி அழவில்லை. தையல் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். அப்போது அவளுக்கு மாதச் சம்பளம் ஐந்நூற்றுச் சொச்சம். அதைவிட விலை கூடிய சாமான் ஒரு நாளைக்கு நூறு நூறாக அவள் விரல் வழியாகப் போனது. ஒரு நாள் ஒன்றைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் கேட்கவில்லை. பிறகு இன்னொன்று. கைப்பையைக் கொட்டிய அன்று அவளிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் முன்னாலேயே ஓர் ஆளிடம் காசுக்குக் கைமாறிவிட்டது, இது ஒன்றைத் தவிர.

"எத்தன தடவ ஒங்ககிட்ட சொல்ல வாயத் தொறந்தேன்," என்றாள். "நீங்க எனக்காகச் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தீங்க. அந்தச் சத்தத்துல நான் எங்க சொல்றது?"

எனக்கு ஆத்திரம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது பயம். ஆரோக்கியநாதனின் முகம் வந்தது. கோயில் வாசலில் நான் நிறுத்தி வைத்துப் பேசிய அத்தனை முகங்களும் வந்தன. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பேன்? நாளைக்கு விழப்போவது அவள் பெயர் மட்டும் இல்லை. என் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றேன். "மூணு பேருக்குத்தான் தெரியும். நாளைக்கு இல்லைன்னே சொல்லிரு. பைபிள் வேணாம், வாயால சொல்லு போதும். வக்கீல்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்னமேரி என்னைப் பார்த்தாள். சவுந்தரமும் பார்த்தாள். பெற்றவனைப் பிள்ளை அப்படிப் பார்க்கக் கூடாது. ஆனால் பார்த்தாள்.

பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, இரண்டு பக்கமும் கவ்வியிருந்த கொக்கியை விலக்கி, ரேமைக் கழற்றி, துணியில் வைத்து, என் பக்கம் தள்ளினாள்.

"நேர் வழியிலதான் வரணும்னு நேத்துதான் சொன்னீங்கப்பா."

அன்னமேரி அந்தத் துணியைத் திரும்ப எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். பையின் வாயை இழுத்து மூடினாள். நாளைக்கு எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்பது என்றேன்.

"நானே வக்கீல்கிட்ட குடுத்துச் சொல்லிர்றேன். நீங்க கூட வந்தா போதும், ஒன்னும் பேச வேணாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மோட்டார எடுக்காதீங்க. பஸ்ல போவோம்."

ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். கூட்டுப் பணம் விழுந்தது என்று சொல்லி, நீலத் துணிப்பையில் கட்டுக்கட்டாக அவள் கொண்டு வந்து வைத்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் எந்தக் கூட்டில் சேர்ந்தாள், யார் யார் அதில் இருந்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மோட்டார் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தேன்.