தளர்த்திய தையல்

தீக்காயப் பிரிவின் வாசல் பெஞ்சில் தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் மகள் காலாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. போன மழைக்காலத்தில் அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டி இழுத்ததில் வலக்கை வெந்துபோயிற்று. புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய தோல் தடித்துச் சுருங்கி முழங்கையை மடக்கிவிடும் என்று, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும்.

வாலு போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இறுக்குது, அரிக்குது என்று அவள் அழுததைத் தாங்க முடியாமல் அம்மாதான் ஒரு மதியம் உறையின் தையலைப் பிரித்து, ஓரத்துக்குத் தள்ளி மறுபடி அடித்துவிட்டாள். ஊரார் சட்டையெல்லாம் பிரித்துத் தைக்கிற கைக்கு அது ஒரு வேலையா? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த குழந்தை உறையை மாட்டிக்கொண்டு சிரித்தது. கடவுள் காட்டிய வழி என்றுகூட அன்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே பிசியோதெரபி பார்க்கும் பெண் கையை நீட்டச் சொன்னார். பாதிக்கு மேல் நீளவில்லை. முழங்கை மடிப்பில் தழும்பு கயிறு திரித்தாற்போல் புடைத்து நின்றது. இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்றவர், குழந்தையிடம் திரும்பினார்.

"கழட்டி வச்சுட்டு விளையாடினியா?"

"இல்ல ஆன்ட்டி. தூங்கும்போதுகூடப் போட்டிருந்தேன்."

"பொய் சொன்னா கை சரியாகுமா?"

வாலு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மா பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நேரம் கழட்டினேன்," என்றது.

தையல்காரி சட்டென்று திரும்பினாள்.

"அவ கழட்டல மேடம். நான்தான் தையலப் பிரிச்சு லூஸாக்கிட்டேன். அழுதா... பொறுக்கல."

அந்தப் பெண் உறையைப் புரட்டிப் பார்த்தார். திட்டித் தீர்த்திருந்தால் தேவலாம். அவரோ குழந்தையிடம் குனிந்து, "உன்னை நம்பாமப் போயிட்டேன், கண்ணு. மன்னிச்சுக்கோ," என்றார். தான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை வேறொருத்தி கேட்க, தாய் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

உறை இறுக்கமாக இருந்தும் கை நீளாவிட்டால்தான் கத்தி. இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம், ஆனால் முழுசாக நிமிரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். புது உறை ஒன்றை எடுத்துத் தாயிடம் நீட்டினார்.

"நீங்களே போட்டு விடுங்க. அழுவா. பாதியில விட்டுடாதீங்க."

உறை மணிக்கட்டைத் தாண்டியதுமே வாலு உதட்டைக் கடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. தாயின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. அன்று மதியம் பிள்ளையின் வலிக்காக அல்ல, அந்த அழுகையைக் கேட்கும் தன் வலிக்காகவே தையலைப் பிரித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் மேல இழும்மா," என்றாள் வாலு. "நான் அழுதா நீ பாக்காத."

தாய் பார்த்துக்கொண்டேதான் இழுத்தாள்.