ஸ்டான்லியின் வெள்ளைச் சட்டை

1
இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஓவியர் ஜெபாவின் கண்காட்சிக்கு ஒரு பக்க அறிமுகம் கேட்டிருந்தார்கள்: பின்னணி, உத்தி, தாக்கம். சுலபமான வேலை என்று நினைத்துவிட்டேன்.

'கடலோரத்தில் பிறந்த ஜெபா, அலைகளிடம் வண்ணம் பயின்று...' (அடித்துவிட்டேன். அவள் பிறந்தது கருங்குழி. கடலைப் பார்க்க பஸ் மாறிப் போக வேண்டும்.)

2
உத்தி. மாமல்லபுரத்தில் ஒரு வாடகை அறை. சிற்பக்கூடங்களில் கூட்டித் தள்ளும் கல்தூளைப் பசையில் குழைத்து, பழைய துணிகளைப் பலகையில் ஒட்டுகிறாள். எந்தத் துணியானாலும் முதலில் சோப்பு போட்டு அலசிவிடுவாள்.

"வேர்வ, எண்ணெ இருந்தா பசை புடிக்காதுண்ணா."

பெரிய படத்தில் இருப்பது அவள் தம்பி ஸ்டான்லியின் சட்டை. சிறுசேரிக்குக் கம்பெனி வண்டி ஓட்டியவன். போன வருடம் விபத்தில் போய்விட்டான். அம்மா செங்கம்மாள் அந்தச் சட்டையைக் கவரில் போட்டு, இறுக்கி முடிந்து வைத்திருந்தார். "எல்லாரும் பாக்கட்டும் அவன" என்று எடுத்துக் கொடுத்தார். ஏன் முடிச்சு என்று ஜெபா கேட்கவில்லை. கைப்பழக்கத்தில் அலசிவிட்டாள்.

படம் முடிந்த பிறகு அம்மா போன் செய்தார். "அவன் வாசன போவாம வச்சிகினு கீறியா?"

"தொவச்ச துணின்னு மட்டும் போடாதீங்கண்ணா," என்றாள் ஜெபா என்னிடம். "யாராச்சும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிடுவாங்க."

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். (அறிமுகக் குறிப்பில்தான். இங்கே இருக்கட்டும்.)

3
தாக்கம். பெரிய பெயர்களாக நாலைந்து கைவசம் வைத்திருந்தேன்.

"ஸ்டான்லின்னு போடுங்க. வண்டி சீட்டு கிழிஞ்சா சாக்கு, பேனரு, டேப்பு, கைக்கு எது வருதோ அத்த வச்சி ஒட்டிகினே இருப்பான். நானும் அதத்தான் செய்றேன்."

அதற்கு மேல் எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

4
முடிவுகள்.

செங்கம்மாள் கண்காட்சிக்கு வரவே... (வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்தார்.)

அன்று அவருக்குச் சளி, மூக்கடைப்பு... (எழுதிப் பார்த்தேன். கோழைத்தனமாக இருந்தது.)

நடந்தது இதுதான். படத்தின் அருகே போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சட்டைக் காலரில் முகத்தை வைத்தார். ஜெபாவும் நானும் பின்னால் நின்றோம். வெகுநேரம் அவர் நிமிரவில்லை. பிறகு, திரும்பாமலே கேட்டார்.

"இன்னா சோப்புடி போட்டே?"

5
ஜெபா பதில் சொன்னாள். என் காதிலும் விழுந்தது. எழுதி எழுதி அழித்துவிட்டேன், என்னால் ஆகவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். செங்கம்மாள் இன்னும் திரும்பவில்லை. ஜெபாவின் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.