கை தூக்கினால் லாரி நிற்கிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. அடுப்பில் இருந்த பாலைப் பார்க்க வேண்டியவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கே விட்டேன்? அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதுதானே என் பிழைப்பு.

என்ன பார்த்தேன் என்று இப்போதே சொல்ல மாட்டேன். உங்களைத் தவிக்கவிட வேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். கவர்மென்ட் ஆளாகக்கூட இருக்கலாம். கொஞ்ச தூரம் கூட வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

ஆம்புலன்ஸ் அலறியது. நாற்சந்தியில் சிக்னல் செத்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு கர்ப்பிணி வலியில் துடிக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் பாய்ந்து வந்து…

[எந்த ஆம்புலன்ஸும் வரவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் ஓடாவிட்டால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.]

அரசு என்பது என்ன? ஒரு தேசத்தின் மனசாட்சி உறங்கும்போது அதன் விளக்குகள்…

[எனக்கே கொட்டாவி வருகிறது.]

அவனுக்கு அவசரமாக ஒண்ணுக்கு வந்தது.

இது நிஜம், இதையே வைத்துக்கொள்வோம். அவன் எங்கள் கீழ்வீட்டுப் பையன். படித்து முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். அன்றைக்குத் தேர்வு எழுதத்தான் போனான். கேள்வித்தாள் முன்னாடியே வெளியாகிவிட்டது என்று ஹாலிலிருந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு இது இரண்டாவது தடவை. திரும்பி வருகிற பஸ், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் நாற்சந்தியில் மாட்டிக்கொண்டது. ஒரு சிமெண்ட் லாரியும் ஒரு பள்ளிக்கூட வேனும் முட்டிக்கொண்டு நின்றன, ரெண்டு பேரும் நகர்வதாக இல்லை. இவன் இறங்கிப் பார்த்தான். வண்டிகள் ஒட்டி நின்றதில் ஆள் நுழைய இடமில்லை. அடிவயிறு முட்டுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் லாரியைப் பார்த்துக் கையைத் தூக்கி, பின்னால் போ என்று காட்டினான். லாரி பின்னால் போனது. அடுத்து வேனுக்குக் காட்டினான், வேன் முன்னால் போனது. வழி கிடைத்ததும் வீட்டுக்கு ஓடினான்.

இதுவரை எனக்கு அவன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் அவன் மறுபடி நாற்சந்திக்கு வந்து நின்றான். அது ஏன்?

3

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. அவன் தினமும் காலையிலும் சாயங்காலமும் நாற்சந்தியில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்ததும் தெருவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தது. வாய்க்கு வாய் 'சிக்னல்' என்று பெயரும் வைத்துவிட்டது. டீக்கடைக்காரர் அவன் எந்தக் கட்சி என்று விசாரித்தார். கட்சிக்காரர்கள் அவன் எந்த எதிர்க்கட்சி என்று விசாரித்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் மட்டும் ஒன்றும் விசாரிக்கவில்லை, நிழலில் நின்று நிம்மதியாக டீ குடித்தார்.

ஒருநாள் படியில் மடக்கி, எதுக்குடா இந்த வேண்டாத வேலை என்று நானே கேட்டேன். இதற்கென்றே வாங்கியிருந்த விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யோசித்தான்.

"கை தூக்கினா லாரி நிக்குது ஆன்ட்டி. என் வாழ்க்கையில நான் சொல்லி நின்னது அது ஒண்ணுதான்."*

அப்புறம் கவர்மென்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனிடம் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முடியும். "கெட்டவங்களா இருந்தாக்கூடப் பரவாயில்ல. கோவிச்சுக்கலாம், சண்டை போடலாம். உள்ள யாருமே இல்லையோன்னுதான் பயமா இருக்கு" என்றான். கதவைத் தட்டித் தட்டி, வீட்டில் ஆளே இல்லை என்று தெரிந்துகொண்டவன் முகம் அது. எனக்கு அந்த நிமிடம் அவனைப் பிடித்துப்போனது. எழுதுகிறவளுக்கு அது ஆபத்து. பிடித்துப்போனவன் தப்பு செய்தால் பேனா பூசி மெழுகும்.

* ஆன்ட்டி என்று கூப்பிடாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

4

இனி அவன் அம்மா. அவளை முதல் பிரதியில் ஒரு வரியோடு அனுப்பிவிடத்தான் நினைத்தேன். 'பாவம், அவன் அம்மா' என்று ஒரு வரி. தப்புக் கணக்கு.

அவள் நகராட்சி அலுவலகத்தில் கிளார்க். ஆகவே அந்த வீட்டில் கவர்மென்ட் என்றால் அம்மாதான். பையன், "உன் கவர்மென்ட் கேள்வித்தாளைக்கூடப் பூட்டி வைக்காது" என்பான். அவள், "அந்தக் கவர்மென்ட் சோத்தைத்தான் நீ திங்கற" என்பாள். இது தினசரிக் கச்சேரி, எனக்கு மாடியில் தெளிவாகக் கேட்கும். சிக்னல் பழுது என்று தெருவே எழுதிக் கொடுத்த மனு அவள் பிரிவில்தான் இரண்டு மழைக்காலமாகத் தூங்கியது. அவள் எழுப்பவில்லை. எழுப்புவது அவள் வேலையும் இல்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்றாள். பையன் வெயிலில் கருகிப்போகிறான், புத்தகத்தைத் தொட்டே நாளாகிறது, இப்படியே விட்டால் நாற்சந்தியிலேயே கிழவனாகிவிடுவான் என்றாள். அந்த மனுவைத் தேடி எடுத்து மேசை மேசையாக ஏறி இறங்கினாளாம். ஒருத்தரிடம் கெஞ்சினாளாம், ஒருத்தரிடம் சண்டை போட்டாளாம், பெரிய அதிகாரி முன்னால் அழுதேவிட்டாளாம்.

"அடுத்த வாரம் லைட் எரிஞ்சிடும்மா. அவன் வீட்ல உக்காந்து படிப்பான். நான்தான்னு அவன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

நான் மூச்சு விடவில்லை.

5

லைட் எரிந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் ஒழுங்காக. தெரு கை தட்டியது. கட்சிக்காரர்கள் தங்களால்தான் என்று பேனர் வைத்தார்கள்.

[இங்கே அவன் சந்தோஷப்பட்டான் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். பொய் என்பதால் எடுத்துவிட்டேன்.]

இரண்டு நாள் நடைபாதையில் நின்று சிக்னல் தப்பு செய்கிறதா என்று முறைத்துக்கொண்டிருந்தான். பச்சை ரொம்ப நேரம் எரிகிறது என்று என்னிடம் புகார் சொன்னான். தன்னைத் துரத்தத்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்றான். யார் என்று கேட்டேன். "அதான் தெரியல" என்றான். பிறகு படுத்தவன்தான், சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். புத்தகம் எடுக்கவில்லை, குளிக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் இறங்கிப் போனபோது திரும்பாமலேயே கேட்டான்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம் சரியாகவே கூடாதுன்னு நினைக்கறவன் கெட்டவனா?"

நான் ஏதோ சமாளித்தேன். வாசலில் நின்ற அவன் அம்மா, எழுந்து வந்து சாப்பிடுடா என்றாள். "எழுந்து என்னம்மா பண்ணணும்? அதைச் சொல்லு, எழுந்துக்கறேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

6

ஒரு திங்கட்கிழமை காலை சிக்னல் மறுபடி செத்துக் கிடந்தது. விசில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பையன் நடுவில் நிற்கிறான், குளித்து, தலை வாரி. சாயங்காலம் கீழ்வீட்டில் அம்மாவும் பிள்ளையும் பழையபடி கவர்மென்ட் சண்டை போட்டார்கள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிக்னல் பெட்டியைத் திறந்து யாரோ ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை, சாவி போட்டே திறந்திருக்கிறார்கள். அந்தச் சாவி நகராட்சி அலுவலகச் சுவரில் தொங்குவது. அம்மா ஆபீசிலிருந்து பையன் சுட்டிருப்பான் என்பது இன்ஸ்பெக்டர் போட்ட கணக்கு. கேஸ் பதிவானால் அவனுக்கு அரசாங்க வேலை இந்த ஜென்மத்தில் கிடையாது. அவன் ஜீப்பில் ஏறும் முன் அம்மாவிடம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, "நாளைக்கு நீ ஆபீஸ் போ. லீவு போடாத" என்றான்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் என் வீட்டுப் படியேறினார். சமையலறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பையன் ஒத்துக்கிட்டான் மேடம். ஆனா கட்டை என்ன கலர்னு கேட்டேன், கறுப்புங்கறான். அது வெள்ளைப் பீங்கான். யாருக்காகவோ பொய் சொல்றான். நீங்க யாரையாவது பார்த்தீங்களா?"

நான் கதை எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அது முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். நாளைக் காலை வருவதாகவும், வேறு பெயர் எதுவும் கிடைக்காவிட்டால் பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டு இறங்கினார்.

7

சரி, சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை பால் பொங்கும்போது நான் பார்த்தது அவன் அம்மாவை. ஆபீஸ் பையைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டி முன்னால் குந்தியிருந்தாள். எழுந்து, பெட்டியைச் சாத்தி, கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். மறுநாள் மொட்டை மாடியில் துணி கிளிப் போடும் கூடையை என்னிடம் நீட்டினாள். "என்கிட்ட ரெண்டு இருக்கும்மா, இதை நீங்க வச்சுக்கோங்க." கிளிப்புகளுக்கு அடியில் வெள்ளையாக அந்தக் கட்டை இருந்தது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

பையனுக்கு எப்படித் தெரிந்தது? இன்ஸ்பெக்டர் சாவி என்று சொன்ன உடனேயே புரிந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். உள்ளே யாருமே இல்லை என்று பயந்துகொண்டிருந்தவன் அவன். ஒருத்தி இருந்திருக்கிறாள். அவனுக்காக லைட்டை எரியவிட்டாள், அவனுக்காகவே அணைத்தாள்.

[கடைசி மூன்று வாக்கியங்களை அடிக்க வேண்டும். அந்த லைட் இல்லாமல் நாளைக்கே ஒரு குழந்தை அடிபட்டால் இவ்வளவு அழகாக எழுதுவேனா?]

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். 'நான் உண்மையைச் சொன்னேன், அவன் விடுதலையாகி வந்தான், அவன் அம்மா வேலையையும் பென்ஷனையும் இழந்து…' இதற்கு மேல் கை ஓடவில்லை. 'நான் வாயைத் திறக்கவில்லை, அவன் கோர்ட்டில்…' இதுவும் அப்படித்தான். கட்டையை எலி இழுத்துக்கொண்டு போயிற்று என்று ஒரு முடிவு. இன்ஸ்பெக்டர் காதில் பூ சுற்ற முடியாது. கட்டையை நானே பெட்டியில் மாட்டிவிட்டு வருகிறேன் என்று இன்னொன்று. லைட் எரியும், பையன் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும்.

இப்போது காலை. அடுப்பில் பால். வெளியே ஒரே ஹாரன் சத்தம். நாற்சந்தியில் ஆளில்லை, வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவன் அம்மா ஆபீசுக்குக் கிளம்பி வருகிறாள், பையன் சொன்னபடி லீவு போடாமல். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேராக நடுவில் போய் நிற்கிறாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, லாரியைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள்.

லாரி நிற்கிறது.

தூக்கிய கையை இறக்காமல் மேலே ஜன்னலைப் பார்க்கிறாள். நான் பாலைப் பார்க்கப் போய்விட்டேன், ஜன்னலில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். கிளிப் கூடை உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்பார்.