கிளைட்டனின் குரல் கடல்வழி வந்தது

கிளைட்டன் சாவோ பாவ்லோவிலிருந்து வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முப்பத்தொரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். அவன் குரல் வந்து சேர இருபத்தைந்து நாள் ஆயிற்று. பிரேசிலில் கப்பலை விட்டு இறங்கி, துபாய், சென்னை என்று மூன்று விமானம் மாறி, பதினைந்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் பறந்து வந்தவன், அழைக்க வந்திருந்த ஜெர்லினைப் பார்த்து வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. பெட்டிமேல் தாளை வைத்து, ‘ஏறும்போது இருந்தது’ என்று எழுதிக் காட்டினான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, குரல்தான் இல்லை என்று சொல்லி வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

ஜெர்லின் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஆளும் சரக்கும் ஒன்றாக வந்து சேர்ந்ததை அவள் அதிகம் கண்டதில்லை. பத்து வருஷமாகத் தண்ணீரிலேயே போய்ப் பழகிய குரல், ஆகாயத்தில் ஏற மாட்டேனென்று நின்று, கடல்வழியே கிளம்பியிருக்கும். நன்னம்பிக்கை முனை சுற்றி ஏழாயிரத்து எண்ணூறு கடல் மைல், மணிக்குப் பதின்மூன்று, ஆகப் பிப்ரவரி பதினைந்து என்று கணக்குப் போட்டாள். பதினெட்டு விபூதிப் புதன். அதன்பின் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு முன்பே அவன் திரும்பக் கப்பல் ஏற வேண்டும். கோயிலில் மூன்று கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணத்தைப் பதினாறாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

சம்மதமா என்று கேட்கும்போது தலையாட்டினால் போதும் என்றார் பங்குச் சாமியார். ஜெர்லினின் அம்மா பிளாரன்ஸ் ஒப்பவில்லை. “ஏளா, அந்தப் பயலுக்கு மனசில்ல. அதான் வாயத் தொறக்க மாட்டேங்கான்.”

ஜெர்லின் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு அவளைத் தூங்கவிடவில்லை. வீட்டார் பேசி முடித்த சம்பந்தம். போனில் அவன் பேசியதெல்லாம் லீவைப் பற்றித்தான். இப்போது தாளில் ‘சம்மதம்’ என்று எழுதி நீட்டினான். தாளில் ஐம்பது டன்னும் கப்பலில் நாற்பத்தெட்டுமாகப் பார்த்துப் பழகியவள், எழுத்தை எப்படி நம்புவாள்?

பதினைந்தாம் தேதி மத்தியானம், வெளித்துறையில் ஆளில்லாத இடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டதாகப் பைலட் படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். இன்ஜின் இரைச்சலில் என்ன பேச்சென்று விளங்கவில்லையாம். ஜெர்லின் உடனே, கப்பலுக்குக் கேட்பதுபோல, குரல் வந்து அணைய முறைப்படி பெர்த் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். துறைமுக ஆபீஸ் செந்தூர்வேல் அண்ணாச்சி அதை இரண்டு தரம் வாசித்தார். “எடை இல்லாத சரக்குக்கு பெர்த் எதுக்கு தாயி? வள்ளத்துல போயி ஏத்திட்டு வந்துரு.”

மறுநாள் திங்கள், கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வள்ளத்தில் போனார்கள். நங்கூரம் போட்டிருந்த கப்பல்களைத் தாண்டியதும் ஜெர்லினின் தம்பி ரெக்சன் இன்ஜினை நிறுத்தினான். தண்ணீர்மேல் ஓர் ஆண்குரல், ஞானோபதேசம் மனப்பாடம் பண்ணுகிற பிள்ளை மாதிரி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சம்மதம். சம்மதம். சம்மதம். ஜெர்லினுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை. கிளைட்டன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தான். குரல் உள்ளே போயிற்று. இரண்டு தரம் இருமினான்.

“கேட்டுட்டியா?”

“கேட்டேன். கோயில்லயும் ஒருக்கா சொல்லிருங்க.”

பத்து மணிக்குக் கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது சொன்னான். இருபத்தைந்து நாள் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. முதல் பெஞ்சுக்கே எட்டவில்லை. பிளாரன்ஸ் எழுந்து, “கேக்கல” என்றாள்.

“எனக்குக் கேட்டுச்சும்மா” என்றாள் ஜெர்லின். சாமியார் அவள் பக்கம் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டார்.